இரண்டாவது கிளட்ச்

கார் முதல் தடவை நின்றபோது டீச்சர் திட்டியது தையல்காரியைத்தான். பழக வந்து ஒரு வாரம்கூட ஆகாத கால்; கிளட்சை வெடுக்கென்று விட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"கிளட்ச் என்ன கதவுத் தாழ்ப்பாளா, டப்புன்னு விடறதுக்கு? தூங்கற குழந்தை தலைக்கு அடியிலேர்ந்து கையை உருவற மாதிரி மெதுவா எடுக்கணும்."

தையல்காரி சரி சரி என்று தலையாட்டினாள். கார் மறுபடி கிளம்பியது. அடுத்த திருப்பத்தில் மறுபடி நின்றது. மறுபடி திட்டு.

டீச்சர் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கடைத்தெருவில் ஒற்றை ஷட்டர் கடை, உள்ளே ஒரு மேசை, சுவரில் சாலைக் குறியீடுகள் அச்சிட்ட படம், வாசலில் கார். இவ்வளவுதான் பள்ளி. பழக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். வேறு இடங்களில் சேர்ந்து, பக்கத்தில் உட்கார்ந்த ஆளின் அதட்டலுக்குப் பயந்து பாதியில் விட்டுவிட்டு, வீட்டுக்காரர் கேலி பொறுக்காமல் இங்கே வருவார்கள். டீச்சரும் அதட்டுவாள். ஆனால் அதட்டிவிட்டுத் தேநீர் வாங்கித் தருவாள்.

பழைய கார் ஓடி ஓடி ஓய்ந்துபோய், புதுக் கார் வாங்கியது கொழுந்தன் வழியாக. சின்னவன் என்றுதான் வீட்டில் அவனுக்குப் பேர். கார் ஷோரூமில் விற்பனை வேலை. நல்ல வாய். பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் என்பதைக்கூட, வீட்டுக்கு மருமகள் பார்த்துத் தந்தவன் மாதிரி பூரிப்போடு சொல்வான். காரைப் பள்ளிக்கு ஏற்ற மாதிரி ஆக்கியதும் அவன்தான். பக்கத்து இருக்கையில் உட்காருகிறவர் காலுக்கும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் வேண்டும். பழகுகிறவர் தடுமாறினால் அதை மிதித்துத்தான் டீச்சர் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷோரூமின் சொந்த வொர்க்‌ஷாப்பிலேயே, தனக்குத் தெரிந்த மெக்கானிக்கை வைத்து அந்த இரட்டைப் பெடலைச் சின்னவன் பொருத்திக் கொடுத்தான்.

"பில்லு?" என்று டீச்சர் கேட்டாள்.

"குடும்பத்துக்குள்ள என்ன பில்லு அண்ணி!"

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. நல்லது செய்கிறவனை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பது முறையில்லை என்று விட்டுவிட்டாள்.

கார் நின்றுகொண்டே இருந்தது. எப்போதும் இல்லை. காலையில் சமர்த்தாக ஓடும். வெயில் ஏறி, சிக்னலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது, ஒரு செருமல்கூட இல்லாமல் அணைந்துவிடும். சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காத மாதிரி உயிர் வரும். டீச்சர் வண்டியை வொர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டாள். சூப்பர்வைசர் சட்டைப் பையில் நான்கு பேனா வைத்திருக்கும் ஆள். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கோளாறு எதுவும் காட்டல மேடம். கத்துக்கறவங்க ஓட்டினா வண்டி நிக்கத்தான் செய்யும்."

"நான் ஓட்டினாலும் நிக்குதே."

"நீங்க நாள் பூரா அவங்க கூடத்தானே இருக்கீங்க."

அது எந்த ஊர் நியாயம் என்று டீச்சருக்குப் புரியவில்லை. தொற்றுநோய் மாதிரி சொல்கிறாரே என்று வந்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள். அதற்கப்புறம் வண்டியைச் சின்னவனே எடுத்துக்கொண்டு போனான்; அடுத்த தடவை எரிபொருள் பம்பை மாற்றினார்கள். அதற்கடுத்து ஏதோ சென்சார். பிறகு பேட்டரி. ஒவ்வொரு தடவையும் காரைப் பளபளவென்று கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். அதில் மட்டும் குறை சொல்ல முடியாது. ஊரிலேயே சுத்தமான ஓடாத கார் அதுதான் என்று டீச்சரின் புருஷன் சொன்னார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். தேய்க்கும்போது பேசினால் கை அசையும் என்று வாயை மூடிப் பழகி, வீட்டிலும் பேச்சைச் சில்லறை மாதிரி எண்ணித்தான் கொடுப்பார்.

சிரிப்பு நின்றது ஒரு மழைநாளில். ரவுண்டானாவில் தையல்காரி வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நன்றாகவே ஓட்டினாள். வைப்பர் அடித்துக்கொண்டிருந்தது, எதிரே ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்பதால் டீச்சர் தன் பக்கத்துக் கிளட்சை முழுக்க மிதித்து வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கார் அணைந்தது. பின்னால் வந்த பஸ் பிரேக் போட்டும் வழுக்கி வந்து இடித்தது. பெரிய இடி இல்லை. பின்பக்கம் நசுங்கியது. தையல்காரியின் வலது மணிக்கட்டு ஸ்டியரிங்கில் மாட்டிப் பிசகியது.

டீச்சர் அவளைப் பார்க்கப் போனாள். குறுகலான அறை, பாதி வெட்டிய துணிகள், மூடிபோட்ட தையல் இயந்திரம். தையல்காரி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் கிளட்சை விடல டீச்சர். சத்தியமா விடல."

"தெரியும்."

"நீங்க எப்பவும் சொல்வீங்களே, அதே மாதிரி மெதுவாத்தான்…"

"தெரியும்மா. என் கால் அதுமேலதான் இருந்துச்சு. நீ விட்டிருந்தாலும் வண்டி நின்னிருக்காது. நான் மிதிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

தையல்காரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப முன்னாடி நின்னதெல்லாம்?"

டீச்சர் கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை உரித்துச் சுளை சுளையாகத் தட்டில் வைத்தாள். வீடு திரும்பும்போது, போன சில மாதங்களில் யாரை யாரையெல்லாம் திட்டினோம் என்று நினைத்துப் பார்த்தாள். இரண்டு பேர் கற்றுக்கொள்வதையே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒருத்தி போகும்போது, "எனக்கு வராது டீச்சர், என் ராசி அப்படி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வழியைக் காட்டியது புருஷன். அவர் கடைக்கு மூக்குக்கண்ணாடி மாற்ற வந்த ஒருவர் நுகர்வோர் மன்றத்தில் குமாஸ்தா. லென்ஸ் தேய்த்து முடித்ததும் இவர் கேட்டார், அவர் சொன்னார். வாரண்டி இருக்கும்போது ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால், ரிப்பேர் செய்கிறோம் ரிப்பேர் செய்கிறோம் என்று ஆயுசுக்கும் இழுத்தடிக்க முடியாது. நியாயமான வாய்ப்புக் கொடுத்தும் சரியாகவில்லை என்றால் வேறு கார் கேட்கலாம், இல்லை பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. தானே போய்ப் பேசலாம். வொர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு தடவையும் கொடுத்த ரசீது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் எல்லோரும் சமையலறையில் இருந்தார்கள். கீழே டீச்சரும் புருஷனும், மாடியில் சின்னவனும் அவன் மனைவியான ஓரகத்தியும். குடித்தனம் இரண்டு, அடுப்பு ஒன்று. ஓரகத்தி பருப்பைக் கடைந்துகொண்டிருந்தாள். மாசமாக இருந்தாள், நின்று சமைத்தால் கால் வீங்குகிறது என்று முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் விஷயத்தைச் சொல்லி முடிக்க, பருப்புக் கடையும் சத்தம் நின்றது.

"கேஸா?" என்றான் சின்னவன். "என் கம்பெனி மேலயா? அண்ணி, நான் அங்க தினம் போய் நிக்கணும்."

"உன் மேல இல்ல தம்பி. கார் மேல."

"கார் தானாவா கோர்ட்டுக்கு வரும்? இன்னும் ஒரு தடவை விடுங்க. நான் மேனேஜர்கிட்டப் பேசறேன். புது ஆள் வந்திருக்கான், நல்லாப் பாக்கறான்."

"போன தடவையும் புது ஆள்னுதான் சொன்ன."

"அக்கா," என்றாள் ஓரகத்தி, மத்தைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு. "இவருக்கு அடுத்த மாசம் மேனேஜர் போஸ்ட் வருதுன்னு பேச்சு. இப்பப் போய்… நான் இருக்கற நிலைமையில…"

டீச்சர் அவள் வயிற்றைப் பார்த்தாள். பிறகு, "அந்த வண்டியில தையல்காரிக்குப் பதிலா நீ உக்காந்திருந்தா?" என்றாள்.

ஓரகத்தி தலையைக் குனிந்துகொண்டாள். சின்னவன் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். புருஷன் மட்டும் எப்போதும்போல் மெதுவாகச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "போடு" என்றார்.

கேஸ் போட்டாள். மன்றம் நிபுணர் ஒருவரை அனுப்பியது. தொழில்நுட்பக் கல்லூரியில் பாடம் நடத்துகிற மனுஷர். முதல் நாள் ஊரைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். கார் தங்கம் மாதிரி ஓடியது. ஷோரூம் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மறுநாள் கடைத்தெரு நெரிசலில் அவர் கையிலேயே இரண்டு தடவை நின்றது. கோளாறு உண்மைதான் என்று எழுதிக் கொடுத்தார். ஆனால் கூடவே ஒன்றையும் எழுதினார்: இரட்டைப் பெடல் பொருத்தும்போது அடியில் போகிற ஒயர்க் கட்டை நகர்த்தியிருக்கிறார்கள், கோளாறுக்கு அது காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

கம்பெனி வக்கீல் அந்த 'இருக்கலாமை'க் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கம்பெனி தரப்புப் பதிலில் இரண்டே விஷயம். ஒன்று, காரை வைத்துத் தொழில் செய்கிறவர் வியாபாரி, நுகர்வோர் இல்லை. இரண்டு, வெளியாளை வைத்துப் பெடல் பொருத்தி ஒயரில் கை வைத்ததால் வாரண்டி செல்லாது. பெடல் பொருத்தியது வெளியில்தான் என்பதற்கு ஷோரூம் விற்பனையாளர் ஒருவரின் பிரமாண வாக்குமூலம் இணைத்திருந்தார்கள்.

கையெழுத்து சின்னவனுடையது.

டீச்சர் அதைச் சமையல் மேடையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தபோது சின்னவன் தேநீருக்கு வந்தான். எந்தக் காகிதம் என்று எட்ட இருந்தே அவனுக்குத் தெரிந்தது. வாசற்படியிலேயே நின்றான். டீச்சர் காகிதத்தை மடித்தாள். தேநீர் ஊற்றினாள்.

"சர்க்கரை போதுமா?"

"போதும் அண்ணி."

குடித்தான். சூடு ஆறுவதற்குள் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். டம்ளர் கழுவுகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

அந்த வாரங்களில் டீச்சருக்கு வேலை இல்லை. கார் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பழக வந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். ஊரின் மறுகோடியில் வேறொருவர் நடத்தும் பள்ளிக்குக் காலை நேரக் கூலியாகப் போனாள். முதலாளி அவளைவிட இருபது வயது இளையவன். "மெதுவாப் பேசுங்க மேடம், கஸ்டமர் பயந்துடுவாங்க" என்று அவளுக்குப் பாடம் எடுத்தான். கேட்டுக்கொண்டாள்.

விசாரணை நாள் காலையில் தூறிக்கொண்டிருந்தது. முந்தின நாளின் ரொட்டியை வாட்டி, முட்டை பொரித்துப் புருஷனுக்குக் கட்டிக் கொடுத்தாள்.

"கேக்கப் போறியா அவன?" என்றார் அவர்.

"பின்ன?"

"சொல்ல மாட்டான்."

"சொல்லலேன்னா சொல்லலேன்னு இருக்கட்டும். நான் கேக்கலேன்னு இருக்கக் கூடாது."

அவர் பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பினார். "சின்ன வயசுல அவன் திருடின மாங்காய்க்கெல்லாம் நான் அடி வாங்கியிருக்கேன்," என்றார். அதைக் குற்றமாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் சின்னவனும் அதிலேயே வருவதைப் பார்த்தாள். முன்னால் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தான், இஸ்திரி போட்ட ஷோரூம் சட்டையில். கண்டக்டர் அவளிடம் வந்து, "உங்களுக்கு எடுத்தாச்சும்மா" என்றார். பழக்கத்தில் அவளுக்கும் சேர்த்து வாங்கியிருக்கிறான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் கூப்பிடவில்லை. ஒரே வழக்குக்கு எதிரெதிர் பக்கமாகப் போகிற இரண்டு பேரும் ஒரே டிக்கெட் கணக்கில் போய் இறங்கினார்கள்.

மன்றம் ஏதோ பழைய அலுவலகத்தின் மேல்மாடி. மின்விசிறி காற்றைவிடச் சத்தம் அதிகம் போட்டது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், ஜலதோஷம் பிடித்த அம்மாள். பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்.

கம்பெனி வக்கீல் முதல் விஷயத்தை எடுத்தார். லாப நோக்கம், வணிகப் பயன்பாடு, பள்ளி என்கிற பெயர்ப் பலகை. தலைவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தார்.

"உங்க பள்ளியில எத்தனை பேர் வேலை செய்றாங்க?"

"நானும் என் ரெண்டு காலும்தாம்மா."

பக்கத்தில் இருந்த உறுப்பினர் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை. "வேற காரு? வேற டிரைவர்?"

"இல்லம்மா. இந்த ஒண்ணுதான். இதை ஓட்டினாத்தான் எனக்குச் சாப்பாடு."

"சொந்தப் பிழைப்புக்கு ஒரு வண்டி வாங்கினவங்க வியாபாரி ஆகிட மாட்டாங்க, வக்கீல் சார். அடுத்த விஷயத்துக்கு வாங்க."

அடுத்த விஷயம் சின்னவன். கூண்டு எல்லாம் இல்லை. ஒரு மர நாற்காலி. உட்கார்ந்தான். வாக்குமூலத்தில் இருப்பது தன் கையெழுத்துதான் என்று ஒப்புக்கொண்டான். பிறகு தலைவர் டீச்சரிடம், "நீங்க கேக்கலாம்" என்றார்.

டீச்சர் எழுந்தாள். என்ன கேட்க வேண்டும் என்று வீட்டில் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். எல்லாம் போய்விட்டது.

"தம்பி…" என்று ஆரம்பித்தாள்.

"சாட்சியை முறையாக் கூப்பிடுங்க," என்றார் வக்கீல்.

டீச்சர் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "சார்," என்றாள். பத்து வருஷத்துக்கு மேல் தான் சோறு போட்டவனைச் 'சார்' என்று கூப்பிட்டபோது அவளுக்கே நாக்கு கூசியது. "என் கார் நின்னு போச்சுன்னு நான் சொன்னப்பல்லாம், அதை வொர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போனது யாரு சார்?"

"நான்."

"வழியில உங்க கையில எப்பவாவது நின்னிருக்கா?"

வக்கீல் எழுந்தார். தலைவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"நின்னிருக்கு," என்றான் சின்னவன்.

"என் பக்கத்துல இருக்கற பெடலை எந்த இடத்துல வச்சுப் பொருத்தினாங்க?"

சின்னவன் சட்டையில் தைத்திருந்த கம்பெனிச் சின்னத்தைத் தடவிக்கொண்டிருந்தான். டீச்சர் அவன் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். பழகுகிறவர்கள் பயந்துபோய் உறைந்து நிற்கும்போதும் அவள் அப்படித்தான் வேறு எங்காவது பார்ப்பாள். உற்றுப் பார்த்தால் இன்னும் தடுமாறுவார்கள்.

"கேள்வி கேட்டாங்கல்ல," என்றார் தலைவர். "பதில் சொல்லுங்க."

"எங்க வொர்க்‌ஷாப்புலதான்மா. ஞாயித்துக்கிழமை. எங்க மெக்கானிக்தான் போட்டாரு. பில் போடல. நான்தான் வேண்டாம்னேன்."

வக்கீல் துள்ளி எழுந்தார். "அவங்க உங்க அண்ணிதானே? அதனாலதானே இப்ப மாத்திச் சொல்றீங்க?"

"அண்ணிங்கறதாலதான் சார் அன்னைக்குப் பில் போடல. இன்னைக்கு அதுக்காகச் சொல்லல." வார்த்தை தேடினான். விற்பனைக்காரனுக்கு வார்த்தை கிடைக்காமல் போனதை டீச்சர் அன்றுதான் பார்த்தாள். "அது எங்க நின்னு போகும்னு தெரியாமதான் சார் நானும் ஓட்டிட்டுப் போவேன். என் வீட்டுக்காரி மாசமா இருக்கா. அவளை அதுல ஏத்தக் கூடாதுன்னு எனக்குத் தோணிருக்கு. அப்ப மத்தவங்களை மட்டும் ஏத்தலாம்னு எப்படி சார் கையெழுத்துப் போடறது? போட்டேன். தப்பு."

திரும்பும்போது இரண்டு பேரும் தனித்தனி பஸ்ஸில் வந்தார்கள்.

மறுநாளே சின்னவனுக்கு வேலை போனது. பொய் வாக்குமூலம் தந்ததற்கு மன்றம் எச்சரித்தது. பில் இல்லாத வேலை செய்ததற்குக் கம்பெனி வெளியே அனுப்பியது. ஓரகத்தி சமையலறைக்கு வருவது நின்றது. மாடியில் ஒரு சின்ன அடுப்பு வாங்கி வைத்துக்கொண்டாள். கீழே டீச்சர் சமைக்கிற வாசனை மேலே போகும். மேலேயிருந்து வெங்காயம் வதங்குகிற வாசனை கீழே வரும். பேச்சுக்கு மட்டும் போக்குவரத்து இல்லை. சின்னவன் டயர்க் கடை ஒன்றில் சேர்ந்தான். சாயங்காலம் கறுத்த கைகளோடு வந்து குழாயடியில் வெகு நேரம் தேய்த்துக்கொண்டிருப்பான். புருஷன் போய்ப் பக்கத்தில் நிற்பார். சோப்பை எடுத்துக் கொடுப்பார், அவ்வளவுதான்.

குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் ஓரகத்தி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்பு, சமாதானம் என்று எதுவும் நடக்கவில்லை. "பிள்ளைக்கு உங்க மூக்கு அக்கா" என்றாள். வேறு குடும்பத்திலிருந்து வந்தவளின் மூக்கு பிள்ளைக்கு எப்படி வரும் என்று டீச்சர் கேட்கவில்லை. "என்னைவிடச் சப்பைதான்" என்றாள். அதோடு மாடி அடுப்பு பரணுக்குப் போனது.

தீர்ப்பு டீச்சர் பக்கம் வந்தது. கோளாறு இருக்கிறது, பலமுறை வாய்ப்புக் கொடுத்தும் சரிசெய்யவில்லை, பெடல் பொருத்தியது கம்பெனியின் இடத்தில், கம்பெனியின் ஆள். காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தையல்காரியின் வைத்தியச் செலவையும் தர வேண்டும். கம்பெனி மேல்முறையீடு போவதாகக் கொஞ்ச நாள் மிரட்டிப் பார்த்தது. பிறகு, வண்டியைக் கொண்டுவந்து விடுங்கள் என்று போன் வந்தது.

"நான் வரேன் அண்ணி," என்றான் சின்னவன். விசாரணைக்குப் பிறகு அவன் அவளிடம் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"நீ எதுக்கு? அங்க எல்லாரும் உன்னைப் பாப்பாங்க."

"பாக்கட்டும். வித்தவன் நான்தானே."

டீச்சர் ஓட்டினாள். நெரிசல் வழியாகத்தான் போனார்கள். ஒரு சிக்னல், இரண்டு சிக்னல். நல்ல வெயில். கார் ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

"ரோஷத்தைப் பாத்தீங்களா," என்றான் சின்னவன்.

ஷோரூமில் பழைய கூட்டாளிகள் சிலர் கையசைத்தார்கள். சிலர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். நான்கு பேனா சூப்பர்வைசர் சாவியை வாங்கி, காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கழுவாமக் கொண்டுவந்திருக்கீங்களே மேடம்" என்றார். "நீங்கதான் நல்லாக் கழுவுவீங்களே" என்று சொல்லிவிட்டு டீச்சர் வெளியே வந்தாள்.

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பாதி வழியில் ஒரு சிவப்புக் கார் ஓரம் கட்டியது. மருந்துக் கடைக்காரம்மா. பல வருஷத்துக்கு முன், பழைய காரில், டீச்சரிடம் பழகியவள். "ஏறுங்க டீச்சர், ரெண்டு பேரும் ஏறுங்க. என்ன நடந்து போறீங்க, நீங்க போய்!" என்று கதவைத் திறந்தாள். பின் சீட்டில் மருந்துப் பெட்டிகள். சின்னவன் அவற்றுக்கு நடுவே இடுங்கி உட்கார்ந்தான். டீச்சர் முன்னால், பக்கத்து இருக்கையில்.

மருந்துக் கடைக்காரம்மா நன்றாகத்தான் ஓட்டினாள். பேசிக்கொண்டே ஓட்டினாள், அதுதான் டீச்சருக்குக் கொஞ்சம் உறுத்தியது. முன்னால் ஒரு லாரியின் பின்விளக்கு சிவந்தது. அவள் மகனின் கல்யாணப் பேச்சை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். டீச்சரின் வலது கால் தானாக நீண்டு தரைவிரிப்பை அழுத்தியது. வண்டி மெல்ல நின்றது. ஓட்டினவள் உரிய நேரத்தில் பிரேக் போட்டிருந்தாள்.

லாரி நகர்ந்தது. சற்றுத் தள்ளி ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். டீச்சரின் கால் மறுபடி அழுந்தியது.

பின்னாலிருந்து சின்னவன் பெட்டிகளுக்கு மேல் எட்டி அவள் காலைப் பார்த்தான்.

"அண்ணி," என்றான். "அங்க ஒண்ணும் இல்ல."

"என்ன?"

"மிதிக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல அண்ணி. அவங்க பாத்துக்குவாங்க."

சொல்லிவிட்டு அவனுக்கே சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் வந்தது, பிறகு அடக்க முடியாமல் தோள் குலுங்கியது. மருந்துப் பெட்டிகள் எல்லாம் கடகடவென்று ஆடின. என்ன, என்ன என்று மருந்துக் கடைக்காரம்மா கண்ணாடியில் பார்த்துக் கேட்டாள். டீச்சர் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கால்களையும் சேர்த்து ஒழுங்காக வைத்தாள்.

"ரோட்டைப் பாத்து ஓட்டும்மா," என்றாள்.